பின்னட்டையில் பாஸ் யார் என்று பார்த்துத்தான் வாங்குகிறேன்: ஜாஸ் தட்டு சேர்ப்பவர்கள் உள்ளே வாங்க

வில்லும்விரலும்

இங்கே ஜாஸ் இசைத்தட்டு சேர்ப்பவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. நாலு பேர் இருந்தாலும் போதும், இழையை ஆரம்பித்துவிடுகிறேன்.

கச்சேரியில் யார் பாடுகிறார் என்பதை விட்டுவிட்டு மிருதங்கம் யார் என்று பார்த்துப் போகிறவர்கள் நம்மிடம் எப்போதும் உண்டு. ஜாஸில் நான் அந்த ரகம். முன்னட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயர் எனக்கு இரண்டாம் பட்சம். தட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் 'பாஸ்' (ஆளுயர வயலின் மாதிரி நிற்கிற அடிக்குரல் வாத்தியம்) என்பதற்கு நேரே யார் என்று தேடுவேன். பால் சேம்பர்ஸ் என்று இருந்தால் மேற்கொண்டு யோசிப்பதில்லை, வாங்கிவிடுவேன்.

காரணம் வேண்டுமென்றால் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' முதல் பக்கத்தைப் போடுங்கள். 'ஸோ வாட்' தொடக்கத்தில் பியானோவும் பாஸும் தாளக்கட்டில்லாமல் கொஞ்ச நேரம் உலாவும். அது ஓய்ந்ததும் மெட்டை எடுப்பது ட்ரம்பெட் இல்லை, சாக்ஸபோனும் இல்லை. பாஸ். அது ஒரு வரி கேட்கிறது, மற்றவர்கள் இரண்டே அடியில் பதில் சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் மைல்ஸ், கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பில் எவன்ஸ் எல்லோரும் இருக்கிறார்கள். அத்தனை பெரிய தலைகள் இருக்க, கேள்வி கேட்கிற வேலை சேம்பர்ஸுக்கு. அப்போது அவருக்கு வயது 23.

1935இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். 1955இல் மைல்ஸ் குழுவில் சேர்ந்தார், 1963 வரை இருந்தார். 1969 ஜனவரியில் காசநோயில் போய்விட்டார், 33 வயதுதான். இடைப்பட்ட காலத்தில் நியூயார்க்கில் யார் ஒலிப்பதிவு வைத்தாலும் இவரைத்தான் கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. கோல்ட்ரேன் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' தட்டில் 'மிஸ்டர் பி.சி.' என்று இவர் பெயரிலேயே ஒரு உருப்படி போட்டு, அதில் இவரையே வாசிக்கவும் வைத்தார்.

இப்படி ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு போனால் வேறு வழியில் போயிருக்கவே மாட்டாத வீடுகளுக்கெல்லாம் போகலாம். பியானோக்காரர் சன்னி கிளார்க் யாரென்றே தெரியாமல் இருந்தேன். சாக்ஸபோன்காரர் ஹேங்க் மோப்லியும் அப்படித்தான் கிடைத்தார். இன்னொரு சாக்ஸபோன்காரர் ஆர்ட் பெப்பர் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைக்காரர், அவரை எனக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். 1957 ஜனவரியில் மைல்ஸின் ஆட்கள் லாஸ் ஏஞ்சலஸில் இருந்தபோது, ரெட் கார்லண்ட், சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ் மூவரையும் ஒரே ஒரு நாள் இரவல் வாங்கி பெப்பர் பதிவு செய்த தட்டு ஒன்று இருக்கிறது. சேம்பர்ஸுக்காக வாங்கினேன். இப்போது பெப்பருக்காகவும் கேட்கிறேன்.

சரி, நீங்களெல்லாம் எதைப் பார்த்து வாங்குகிறீர்கள்?

ஊசிமுனை

நல்ல கொள்கைதான். ஆனால் யார் வாசித்தார் என்பது பாதி, எந்த அச்சு, அதாவது எப்போது எந்த ஆலையில் அடித்த பிரதி, என்பது மீதி. அந்த மீதியை நீங்கள் தொடவே இல்லை.

ப்ளூ நோட் என்ற தட்டு நிறுவனத்தின் 1500 வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1534, 1564, 1569 மூன்றும் சேம்பர்ஸ் பெயரிலேயே வந்தவை. 1568 ஹேங்க் மோப்லி, 1577 கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்', 1588 சன்னி கிளார்க்கின் 'கூல் ஸ்ட்ரட்டின்'. எல்லாவற்றிலும் உங்கள் ஆள்தான் பாஸ். இதில் 1568 ஒன்று போதும் வீட்டில் சண்டை வர. நல்ல நிலையில் இருக்கும் முதல் அச்சு பல ஆயிரம் டாலர் போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு: தட்டை மேசை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் ஒரு வெற்று வளையம் இருக்கும். அதில் 'ஆர்விஜி' என்று கீறியிருக்கும் அல்லது அடித்திருக்கும். ரூடி வான் கெல்டர், ஒலிப்பதிவு செய்த அதே மனிதர், தட்டுக்கான மூல வெட்டையும் தானே செய்தார் என்பதற்கு அது அத்தாட்சி. பக்கத்திலேயே வளைந்து நெளிந்து ஒரு 'பி' இருக்கும், பார்க்கக் காது மாதிரி தெரியும். சேர்ப்பவர்கள் அதைக் 'காது' என்றே சொல்வார்கள். ப்ளாஸ்டிலைட் ஆலையில் அச்சடித்ததன் அடையாளம். 1966 வாக்கில் ப்ளூ நோட் லிபர்ட்டி என்ற நிறுவனத்தின் கைக்குப் போனதும் காதும் போய்விட்டது. அப்புறம் லேபிளில் முகவரி பாருங்கள். முதலில் லெக்சிங்டன் அவென்யூ, பிறகு 47 வெஸ்ட் 63ஆம் தெரு. லேபிளில் விரலால் தடவினால் தெரிகிற வட்டமான ஆழப் பள்ளமும் ஒரு தடயம்.

ஒலிநாடா புதிதாக இருந்தபோது, பதிவு செய்தவரே வெட்டிய தட்டு. அதற்கு மேல் என்ன வேண்டும்? பாஸ் கேட்பவர் நீங்கள். அசலில் சேம்பர்ஸின் விரல் கம்பியைத் தொடுவதே தனியாகக் கேட்கும்.

கைப்பேசிக்காரன்

மன்னிக்கவும், வெளியாள் கேள்வி. நீங்கள் சொன்ன அத்தனையும் என் கைப்பேசியில் இருக்கிறது, மாதக் கட்டணம் ஒரு சாப்பாட்டு விலை. இரண்டு பேரும் எதற்கு இந்தப் பாடு படுகிறீர்கள்?

வில்லும்விரலும்

> எதற்கு இந்தப் பாடு படுகிறீர்கள்?

கேட்பதற்குக் கைப்பேசி போதும், நானும் பேருந்தில் அதில்தான் கேட்கிறேன். ஆனால் நான் பயன்படுத்தும் செயலியில் தலைவர் பெயர் மட்டும்தான் பளிச்சென்று வருகிறது. பாஸ் யார், ட்ரம்ஸ் யார் என்று அறிய வேறு எங்கோ போய்த் தேட வேண்டும். 12 அங்குல அட்டையில் அது கண் முன்னால் இருக்கிறது, தேதி உட்பட. ஒரு தட்டு அடுத்த தட்டுக்கு வழி காட்டுவது அந்தப் பின்னட்டையால்தான். செயலியும் வழி காட்டும், ஆனால் 'இதைக் கேட்டவர்கள் அதையும் கேட்டார்கள்' என்று காட்டும். எனக்கு வேண்டியது இதில் வாசித்தவர் மறுநாள் எங்கே போய் வாசித்தார் என்பது.

பாரிஸ்_பனை

வணக்கம் உறவுகளே. நான் யாழ்ப்பாணம், இப்ப பாரிஸ்.

ஊசிமுனை சொல்கிற காது, பள்ளம் எல்லாம் எனக்கும் விருப்பம்தான், ஆனால் காசு? நான் யப்பான் அச்சுப் பக்கம். 1977 முதல் 1983 வரை கிங் நிறுவனம் அங்கே ப்ளூ நோட் தட்டுகளை மறுபடி வெளியிட்டது. பிறகு தோஷிபா. அட்டையை ஒட்டி ஒரு கடதாசிப் பட்டி வரும், 'ஓபி' என்பார்கள். அது கிழியாமல் இருந்தால் விலை கூட. தட்டின் மேற்பரப்பு அமைதியோ அமைதி. ஊசி வைத்தால் பாட்டுத் தொடங்கும்வரை ஒன்றும் கேட்காது, அம்ப் போட மறந்துவிட்டேனோ என்று எழும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

'கூல் ஸ்ட்ரட்டின்' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சன்னி கிளார்க்கை அமெரிக்காவில் அவர் உயிரோடு இருந்தபோது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1963இல் 31 வயதில் இறந்தார். ஆனால் யப்பானில் அந்தத் தட்டு ஜாஸ் கேட்கிற ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய ஒன்று. காரணம் ஜாஸ் கிஸ்ஸா. கோப்பிக்கடைதான், ஆனால் கோப்பி சாட்டு. இறக்குமதித் தட்டு ஒருவர் தனியாக வாங்க முடியாத விலை. அதனால் கடைக்காரர் வாங்கிப் போடுவார், ஒரு கோப்பியோடு மணிக்கணக்கில் இருந்து கேட்கலாம். பல கடைகளில் கதைக்கக் கூடாது. யோகோஹாமாவில் 'சிகுசா' 1933இலேயே திறந்தது. இச்சினோசெக்கியில் 'பேஸி' 1970இல் வந்தது, ஜாஸ் பியானோக்காரர் கவுண்ட் பேஸியின் பெயர்தான். யார் தலைவர், யார் பாஸ் என்று நீங்கள் பிரித்துப் பார்க்கிறீர்களே, அந்த வேலையை அங்கே கடைக்காரர்கள் அட்டையைச் சுவரில் சாத்தி வைத்து ஊருக்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

பி_பக்கம்

பெண் குரல் ஒன்றும் இருக்கட்டும். நான் வயலின் கற்றவள், கர்நாடக இசை. வில்லும்விரலும் அண்ணாவிடம் ஒரு சண்டை.

சேம்பர்ஸ் விரலால் மீட்டும்போது சரி, ஒப்புக்கொள்கிறேன். வில் எடுத்துவிட்டார் என்றால் எனக்குப் பல் கூசுகிறது. அந்தக் கரகரப்பு! சுருதி வேறு சில இடங்களில் விளிம்பில் நிற்கிறது. ஒவ்வொரு தட்டிலும் ஒரு வில் தனி வந்தே தீரும் போலிருக்கிறது. அதை எப்படி ரசிக்கிறீர்கள்?

ஊசிமுனை

யப்பா, யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தேன். எனக்கும் ரம்பம் போடுகிற மாதிரிதான்.

வில்லும்விரலும்

இருவருக்கும் சேர்த்து. கரகரப்பு உண்மை. ஆனால் அவர் அந்த வில்லில் வாசிக்கிறது என்ன என்று பாருங்கள். அதற்கு முன் ஜாஸில் பாஸுக்கு வில் என்றால் மெதுவான பாட்டு, நீளமான சுரம், அவ்வளவுதான் பெரும்பாலும். இவர் சாக்ஸபோன்காரர்கள் ஊதுகிற அதே வேகத்தில், அதே நெளிவு சுளிவில், ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வெட்டி வில்லில் கொண்டுவந்தார். அந்த வேகத்துக்குக் கரகரப்பு கூடவே வரும்.

சகோதரி, 1569 எண்ணுள்ள 'பேஸ் ஆன் டாப்' தட்டில் முதல் உருப்படி 'எஸ்டர்டேஸ்' கேளுங்கள். வேகமே இல்லை. தொடக்கத்திலிருந்து மெட்டை வில்லில்தான் எடுத்துப் போகிறார். கென்னி பர்ரலின் கிதாரும் ஹேங்க் ஜோன்ஸின் பியானோவும் ஒதுங்கி நிற்கின்றன. அதைக் கேட்ட பிறகும் பல் கூசினால் நான் விட்டுவிடுகிறேன்.

பி_பக்கம்

கேட்டேன். மெதுவாக வாசிக்கும்போது கையில் அழுத்தம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். கமகம் மாதிரி ஒன்று ஒரு இடத்தில் எட்டிப் பார்க்கிறது, உடனே ஓடிவிடுகிறது. வேகத் தனிகளுக்கு என் தீர்ப்பு மாறவில்லை. ஆனால் தட்டு வாங்கலாம் என்று தோன்றுகிறது, முதல் உருப்படிக்காக.

இன்னொன்று. அசல் அச்சுதான் உண்மை என்று ஊசிமுனை சொன்னாரே, 'கைண்ட் ஆஃப் ப்ளூ' அசலின் முதல் பக்கத்தோடு யாராவது சேர்ந்து வாசித்துப் பார்த்திருக்கிறீர்களா? சுருதி ஏறியிருக்கும்.

மாடிவீட்டு_மோனோ

இவர் சொல்வது சரி. நான் கீபோர்டில் சரிபார்த்திருக்கிறேன். 1959 மார்ச் 2 அன்று கொலம்பியா தட்டு நிறுவனத்தின் 30ஆவது தெரு ஸ்டூடியோவில் மூன்று உருப்படிகள் பதிவாயின. அவைதான் முதல் பக்கம் முழுக்க. அன்று ஓடிய பிரதான நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாகப் பதிந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? எல்லாமே சற்று விரைந்து, சுருதி கூடி ஒலிக்கும். ஏப்ரல் 22இல் பதிவான இரண்டாம் பக்கத்தில் இந்தக் கோளாறு இல்லை. மாற்று இயந்திரத்தில் ஓடிய காப்பு நாடாவைத் தேடி எடுத்துச் சரிசெய்து வெளியிட்டது 1992இல். அதாவது முப்பது வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க எல்லோரும் சுருதி ஏறிய 'ஸோ வாட்'டைத்தான் கேட்டிருக்கிறார்கள். தட்டோடு சேர்ந்து சாதகம் செய்த ட்ரம்பெட்காரர்கள் பாவம்.

ஆறு கண் லேபிள் (கண் மாதிரி ஆறு குறி போட்ட பழைய கொலம்பியா லேபிள்) அசலுக்கு நான்கு இலக்க டாலர் கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அது பொருள் மேல் உள்ள ஆசை. ஒலிக்காக என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஊசிமுனை

ஒரு தட்டில் ஒரு இயந்திரம் மெதுவாக ஓடியதை வைத்து மொத்த அசலையும் தள்ளிவிட முடியுமா? வான் கெல்டர் வெட்டிய 1577ஐ அசலில் கேட்டுவிட்டுப் பேசுவோம்.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன், இப்போது வரும் ப்ளூ நோட்டின் டோன் போயட் மறுவெளியீட்டு வரிசை எனக்கே சங்கடமாக இருக்கிறது. 2019இல் ஆரம்பித்தார்கள். மூல நாடாவிலிருந்து கெவின் கிரே வெட்டுகிறார், அட்டை கனமாக, உள்ளே பதிவு அன்று எடுத்த படங்கள். அசலின் விலையில் துளிதான். என்னிடம் அசல் இருக்கும் சிலவற்றையே அதிலும் வாங்கி வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

பாரிஸ்_பனை

எதற்கு?

ஊசிமுனை

விருந்தாளி வந்தால் போட.

புதுத்தட்டு

ஐயா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன், சென்னை. கையில் கொஞ்சம்தான் காசு. எங்கே ஆரம்பிப்பது? ஒரு சூட்கேஸ் ப்ளேயர் இணையத்தில் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

மாடிவீட்டு_மோனோ

தம்பி, சூட்கேஸ் வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஊசி ஐந்து ஆறு கிராம் பாரத்தோடு தட்டின் மேல் உட்காரும். ஒழுங்கான ப்ளேயரில் இரண்டு கிராம் வாக்கில்தான். பாரத்தை மாற்றிக்கொள்ளவும் அதில் வழி இருக்காது. நல்ல பழைய ப்ளேயர் ஒன்று, பெல்ட் மாற்றிக்கொள்ளலாம், ஊசி மட்டும் புதிதாகப் போடுங்கள். பழைய ஊசியில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது.

தட்டுக்கு: ஓஜேசி என்று ஒரு வரிசை. 1980களில் ஃபேண்டசி நிறுவனம் பிரஸ்டீஜ், ரிவர்சைட், கன்டெம்பரரி என்ற பழைய நிறுவனங்களின் தட்டுகளை அப்படியே பழைய அட்டையோடு மலிவு விலையில் போட்டது. வில்லும்விரலும் சொன்ன ஆர்ட் பெப்பர் அதில் உண்டு. மைல்ஸின் 'குக்கின்', 'ரிலாக்ஸின்', 'வொர்க்கின்', 'ஸ்டீமின்' நாலும் உண்டு. நாலிலும் சேம்பர்ஸ்தான். அவை பெரும்பாலும் 1956இல் மே 11, அக்டோபர் 26 என்ற இரண்டே நாளில் பதிந்தவை. மைல்ஸ் கொலம்பியாவுக்குப் போக வேண்டும், பிரஸ்டீஜுக்குத் தர வேண்டிய கணக்கு பாக்கி. உள்ளே போய் மேடையில் வாசிக்கிற மாதிரி வரிசையாக வாசித்துத் தள்ளிவிட்டு வந்தார்கள். கணக்குத் தீர்க்க வாசித்தது இவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதுதான் எரிச்சல்.

ஒன்றில் கவனம்: 1950களின் மோனோ (ஒற்றைத் தட ஒலி) தட்டுகளைப் பின்னாளில் 'மின்னணு முறையில் ஸ்டீரியோவாக்கியது' என்று போட்டு விற்றார்கள். அட்டையில் அப்படி எழுதியிருந்தால் தொடாதீர்கள். கிணற்றுக்குள் இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும்.

பி_பக்கம்

நம் ஊர் ஈரத்தைப் பற்றியும் சொல்லுங்கள். சென்னையில் மழைக்காலம் முடிந்து பார்த்தால் தட்டில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கும். அட்டை முதுகு பழுப்பேறி, உள்ளுறை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். நான் செய்வது: நிற்க வைத்துத்தான் அடுக்குவேன், படுக்கப் போட்டு ஒன்றின் மேல் ஒன்று வைப்பதில்லை. சுவரை ஒட்டி அலமாரி வைக்க மாட்டேன், நாலு விரல் இடைவெளி விடுவேன். உள்ளே பழைய காகித உறையை எடுத்துவிட்டு வழவழப்பான பாலித்தீன் உறை போடுவேன். பூசணம் பிடித்ததைக் கழுவ காய்ச்சி வடித்த தூய நீர், அதில் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பாத்திர சோப்பு ஒரே ஒரு சொட்டு. மென்மயிர்த் தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே சுற்றித் தேய்க்க வேண்டும், குறுக்கே அல்ல. லேபிளில் தண்ணீர் படக் கூடாது. கடைசியில் வெறும் தூய நீரில் அலசி, நிற்க வைத்துக் காயவிட வேண்டும். ஃபேன் போட்டால் தூசி வந்து உட்காரும்.

தாத்தா வீட்டில் கிடைத்த, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளுக்கு இதைச் செய்துவிடாதீர்கள். அவை அரக்குத் தட்டுகள், ஆல்கஹால் பட்டால் கரைந்துபோகும்.

மாடிவீட்டு_மோனோ

அந்த வெள்ளைப் பூப்பைக் கீறல் என்று நினைத்து விலை குறைத்து விற்கிறவர்களும் உண்டு. எனக்கு லாபம். மாறாக 'விஜி பிளஸ்' (நல்ல நிலை என்று சொல்லும் தரக் குறியீடு) என்று போட்டு, படத்தில் பளபளவென்று காட்டி, அனுப்பினால் பொரிகடலை வறுக்கிற சத்தம். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் 'ப்ளூ ட்ரெய்ன்' பழைய அச்சு ஒன்று அப்படி வந்தது. திருப்பி அனுப்பத் தபால் செலவு தட்டு விலையைத் தாண்டியது, அதனால் அலமாரியில் கிடக்கிறது. இப்போதெல்லாம் வாங்குமுன் 'ஓடவிட்டுக் கேட்டீர்களா, கண்ணால் பார்த்து மட்டும் போட்டீர்களா?' என்று ஒரு வரி கேட்டுவிடுகிறேன். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

கைப்பேசிக்காரன்

இன்னும் இங்கேதான் இருக்கிறேன், வாசித்துக்கொண்டு. இன்னொரு வெளியாள் கேள்வி. ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடுகிறது. அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்? சும்மா உட்கார்ந்து கேட்பீர்களா? வேறு பொழுதுபோக்கே கிடையாதா?

பாரிஸ்_பனை

நான் சமைப்பேன். ஒரு பக்கம் முடிய வெங்காயம் வதங்கியிருக்கும். கையைத் துடைத்துவிட்டுத் திருப்பிப் போட வேண்டும், மஞ்சள் கையோடு அட்டையைத் தொட்டால் அன்றைக்குக் கதை முடிந்தது. ஞாயிறு என்றால் கிரிக்கெட்டைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு ரெட் கார்லண்ட் கேட்பது. டெஸ்ட் போட்டிக்கு அவர் பியானோ அளவான வேகம்.

பி_பக்கம்

பேனா கழுவுவேன். ஊற்றுப்பேனா சேர்க்கிறேன், மை காய்ந்துபோனதையெல்லாம் வரிசையாக வெதுவெதுப்பான நீரில் போட்டு உட்கார்ந்தால் இரண்டு பக்கம் ஓடிவிடும்.

மாடிவீட்டு_மோனோ

ஃபிலிம் கேமரா. அதற்கும் ஜாஸ்தான் காரணம், ப்ளூ நோட் அட்டைகளில் ஃப்ரான்சிஸ் வுல்ஃப் எடுத்த படங்கள். இருட்டிலிருந்து ஒரு முகம், ஒரு கை, சிகரெட் புகை, அவ்வளவுதான். ரீட் மைல்ஸ் அதை ஈவு இரக்கமில்லாமல் வெட்டி, எழுத்தை மூலையில் தள்ளி அட்டை செய்வார். 'கூல் ஸ்ட்ரட்டின்' அட்டையில் இசைக்காரரே இல்லை, நியூயார்க் தெருவில் நடந்து போகிற ஒரு ஜோடிக் கால்கள். ப்ளூ நோட் முதலாளி ஆல்ஃப்ரெட் லயனைப் பின்னாளில் மணந்த ரூத் மேசனுடைய கால்கள் என்பார்கள்.

பாஸ் ரசிகருக்கு ஒரு தகவல்: பாஸ் வாசித்தவர்களிலேயே பெரிய புகைப்படக்காரர் ஒருவர் இருந்தார், மில்ட் ஹின்டன். 1935 முதல் கையில் கேமராவோடு திரிந்தார். ரயிலில் தூங்குகிறவர்கள், ஸ்டூடியோ இடைவேளை, தென்மாநிலங்களில் கறுப்பருக்குத் தனி வாசல் என்று எழுதிய பலகைகள், எல்லாம் உள்ளே இருந்தவர் எடுத்தவை. 60,000 படங்கள் சேர்ந்தன. 1958இல் ஹார்லமில் 57 இசைக்காரர்களைப் படிக்கட்டில் நிறுத்தி எடுத்த புகழ்பெற்ற படம் இருக்கிறதே, அன்று ஹின்டனும் அதில் நின்றார். அவர் மனைவி மோனா கையில் ஒரு 8 மில்லிமீட்டர் கேமரா. அந்தக் காலையின் அசையும் படம் அவர் எடுத்தது.

வில்லும்விரலும்

கைப்பேசிக்காரரே, நல்ல கேள்வி கேட்டீர்கள். பொழுதுபோக்கு என்றால் வான் கெல்டரைச் சொல்ல வேண்டும். அவர் தொழில் கண் பரிசோதனை. பகலில் கண்ணாடிக்கு பவர் பார்ப்பார். மாலையில் நியூஜெர்சி ஹாக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் மைக் வைத்துப் பதிவு. ஊசிமுனை உயிரை விடுகிற 1568, 1577, 1588 எல்லாம் அந்தக் கூடத்தில் பதிந்தவை. 1959இல் எங்கில்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டூடியோ கட்டிய பிறகுதான் கண்ணாடித் தொழிலை விட்டார்.

நம்மைப் போல சேர்ப்பவர் என்றால் லூயி ஆம்ஸ்ட்ராங். உலகத்தில் அவருக்குத் தெரியாத மேடை இல்லை, வீட்டுக்கு வந்தால் செய்த வேலை என்ன தெரியுமா? டேப் ரெக்கார்டர் வாங்கி, தன் தட்டுகள், பிறர் தட்டுகள், வீட்டுக்கு வந்தவர்களோடு அடித்த அரட்டை எல்லாவற்றையும் நாடாவில் ஏற்றி, எண் போட்டு, கையால் பட்டியல் எழுதி வைத்தார். சுற்றுப்பயணத்துக்கும் அந்த இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டே போனார். சுமார் 650 நாடாக்கள். பெட்டிகள் வெறுமையாக இருக்கின்றனவே என்று பத்திரிகைப் படம், ரசிகர் கடிதம், தந்தி, மருந்து அட்டை எல்லாம் கத்தரித்து ஒட்டி, மேலே செல்லோடேப் போட்டு ஒட்டுப்படம் செய்தார். அப்படி ஐந்நூறுக்கு மேல். நியூயார்க் குயின்ஸில் கொரோனா பகுதியில் அவர் வீடு இப்போது அருங்காட்சியகம். அவற்றில் சிலவற்றின் படம் பார்த்தேன். ஒட்டிய டேப் பழுப்பேறி, ஓரம் சுருண்டு, நடுவில் அவர் சிரிப்பு. ட்ரம்பெட் வாசித்து உலகம் சுற்றிய மனிதர், ஓய்வில் உட்கார்ந்து பெட்டிக்கு அட்டை ஒட்டியிருக்கிறார். என் வீட்டில் என்னைக் கேலி செய்பவர்களுக்கு இதைக் காட்டி வைத்திருக்கிறேன், பெரிய பலன் இல்லை.

புதுத்தட்டு

மிங்கஸ் பூனைக்குக் கழிப்பறையில் போகக் கற்றுக்கொடுக்க ஒரு கையேடு எழுதினார் என்று எங்கோ பார்த்தேன், அது உண்மையா?

மாடிவீட்டு_மோனோ

உண்மைதான். தபாலில் விற்றார். அவரும் பாஸ்காரர் என்பதைக் கவனிக்கவும்.

நொய்யல்_கரை

கோவையிலிருந்து. இவ்வளவு நேரம் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன், பாஸ் பேச்சு வந்ததால் நுழைகிறேன். ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' யாரும் சொல்லவில்லையே? அந்தச் சச்சிதானந்தர் எங்கள் பக்கத்து ஆள். கோவைக்கு அருகில் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர். அமெரிக்கா போனவர், 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் தொடக்க உரை சொன்னார். கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் இறந்து, ஆலிஸ் தடுமாறி நின்ற காலத்தில் அவருக்கு வழிகாட்டியானார். தட்டு 1971இல் வந்தது.

தலைப்பு உருப்படியைப் போடுங்கள். தம்புரா இழுக்க ஆரம்பித்ததும் செசில் மக்பீ பாஸில் ஒரே ஒரு வரியைப் பிடிப்பார். அதையே சுற்றிச் சுற்றி வருவார். மேலே ஆலிஸின் ஹார்ப், ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன் எல்லாம் எங்கெங்கோ போகும், பாஸ் இடத்தை விட்டு அசையாது. நான் அந்தத் தட்டை வாங்கியது ஊர்ப் பாசத்தில். வைத்துக்கொண்டிருப்பது மக்பீக்காக.

பி_பக்கம்

அந்தத் தம்புராவின் சுருதியும் பாஸும் சேருகிற இடம் எனக்குப் பிடிக்கும். ஆனால் தம்புரா கலவையில் இன்னும் கொஞ்சம் மேலே வந்திருக்கலாம்.

வில்லும்விரலும்

நொய்யல்_கரைக்கு நன்றி, மறந்தே போயிருந்தேன். ஆலிஸும் டெட்ராய்ட் என்பதைக் கவனித்தீர்களா? இந்த ஊர்தான் என்னை இப்போது பிடித்து ஆட்டுகிறது. சேம்பர்ஸ் படித்தது அங்கே காஸ் டெக் என்ற அரசுப் பள்ளியில். சங்கீதப் பாடம் ஒழுங்காக நடந்த பள்ளி. ரான் கார்ட்டரும் அதே பள்ளி. டக் வாட்கின்ஸும் அதே பள்ளி, அவரும் பாஸ், சேம்பர்ஸுக்கு உறவுமுறையும்கூட. கென்னி பர்ரல், டாமி ஃப்ளானகன், கர்ட்டிஸ் ஃபுல்லர், டொனால்ட் பேர்ட் எல்லோரும் டெட்ராய்ட். என் அலமாரியை வாசித்தவர்களின் ஊர்ப்படி அடுக்கினால் பாதிக்கு மேல் ஒரே அடுக்கில் வந்துவிடும்.

ஊசிமுனை

வாட்கின்ஸ் என்றதும் ஞாபகம். சோனி ராலின்ஸின் 'சாக்ஸபோன் கொலோசஸ்', 1956, பாஸ் அவர்தான். அதுவும் வான் கெல்டர் பதிவு, பிரஸ்டீஜ். 1962இல் கார் விபத்தில் போய்விட்டார், 27 வயது. சேம்பர்ஸ் மாதிரி முன்னால் வந்து நிற்க மாட்டார், வில் பக்கம் அதிகம் போக மாட்டார். பி_பக்கம் சகோதரிக்கு ஒத்துவரும்.

புதுத்தட்டு தம்பி, அது ஓஜேசியிலும் இருக்கிறது. நான் அசல்தான் சொல்வேன், ஆனால் நீங்கள் அதிலேயே வாங்குங்கள்.

புதுத்தட்டு

பழைய ப்ளேயர் ஒன்று பேசி முடித்துவிட்டேன், ஊசி ஆர்டர் போட்டாயிற்று. முதல் தட்டு ஆர்ட் பெப்பரா, கொலோசஸா என்று முடிவாகவில்லை. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது.

பாரிஸ்_பனை

பெப்பர்.

பி_பக்கம்

கொலோசஸ்.

கைப்பேசிக்காரன்

இரண்டையும் கைப்பேசியில் கேட்டுவிட்டு முடிவு செய்யலாமே தம்பி. நான் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கொலோசஸ்தான் என் ஓட்டு. அப்புறம், அந்த வாட்கின்ஸ் வேறு எதில் வாசித்திருக்கிறார் என்று இந்தச் செயலியில் எங்கே பார்ப்பது?